நாங்கள் டிக்கெட் எடுக்காத ரயில்

இங்கே மலாய் நாட்டில், மூவாரிலிருந்து கடலோரமாக மறுபடியும் ரயில் விடப்போகிறார்களாம். பத்திரிகையில் போட்டிருக்கிறது என்று என் மகள் வாசித்துக் காட்டினாள். பத்து பகாட் ஊர் வரைக்கும் போகுமாம், பிறகு இன்னும் தெற்கே நீட்டுவார்களாம், ஜன்னலோரம் உட்கார்ந்தால் கடல் தெரியுமாம். நான் வெற்றிலையைத் துப்பிவிட்டு, "கடல் தெரியாது, சேறுதான் தெரியும்" என்றேன். அந்தக் கரையில் ஏது மணல், ஏது அலை? தண்ணீர் வற்றினால் கண்ணுக்கெட்டிய தூரம் சேறு. ஏறினால் பாக்குத் தோட்டத்து வாய்க்கால் எல்லாம் உப்புத் தண்ணீர். அந்தச் சேற்றின் மேல் முன்பே ஒரு ரயில் ஓடியதே, அதைப் பற்றிப் பத்திரிகையில் ஒரு வரிகூட இல்லை. அதைக் கண்ணால் பார்த்தவர்கள் ஊரில் நாலைந்து பேர்தான் மிச்சம், அதில் நான் ஒருத்தி. எனக்கு எழுதப் படிக்கச் சொல்லிக்கொடுத்தது என் மகள். இதில் எழுத்துப் பிழை இருந்தால் அவளைக் கேளுங்கள்.

அந்த ரயில் நான் பிறப்பதற்கு முன்பே ஓடத் தொடங்கிவிட்டது. அந்தப் பக்கம் ரோடு என்று சொல்லிக்கொள்ள ஒன்றும் இல்லாத காலம். மூவார் ஆற்று முகத்தில் புறப்பட்டு, கடலை வலது கைப்பக்கம் வைத்துக்கொண்டு, பாரிட் ஜாவாவைத் தாண்டிக் கொஞ்ச தூரம் போய் நின்றுவிடும். எந்தப் பெரிய ரயிலோடும் அது சேராது. குட்டி எஞ்சின், பின்னால் சில பெட்டிகள், அவ்வளவுதான். கம்பம் என்கிற கிராமங்களிலிருந்து மலாய்க்காரப் பெண்கள் கோழியோடு ஏறுவார்கள், தவுக்கே என்கிற சீன முதலாளிகள் கொட்டைப்பாக்கு மூட்டையோடு ஏறுவார்கள், ஜாவாக்காரர்கள் தேங்காயோடு ஏறுவார்கள். எங்கள் ஆட்களுக்கு வேலை அதன் அடியில். சேறு தண்டவாளத்தை விழுங்கிக்கொண்டே இருக்கும். நல்ல மழை ஒன்று பெய்தால் சிலீப்பர் கட்டை ஒரு பக்கம் அமுங்கி, வண்டி குடித்தவன் மாதிரி சாய்ந்து போகும். கட்டையைத் தூக்கி, கல்லைக் கொட்டி, இடித்து, அடுத்த மழைக்கு மறுபடியும் அதையே செய்யவேண்டும். அதற்கென்றே தண்டவாளத்தை ஒட்டி வரிசை வீடுகளாக ஒரு லயம் கட்டி எங்கள் குடும்பங்களைக் குடிவைத்திருந்தார்கள்.

நான் காஹாங் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தவள். அம்மா அங்கேயே காய்ச்சலில் போய்விட்டாள். அப்பா என்னைத் தூக்கிக்கொண்டு இந்த ரயில் வேலைக்கு வந்தார். நான் பெரியவளான வருஷம் அவரையும் காய்ச்சல் கொண்டுபோனது. அதன் பிறகு எனக்குச் சோறு போட்டது மண்டோர். கல் கொட்டும் ஆட்களுக்கு மேலாளை அப்படித்தான் சொல்வோம். ஆள் நல்ல உயரம், பெரிய மீசை, அதைவிடப் பெரிய பேச்சு. "இந்தத் தண்டவாளம் சிங்கப்பூர் வரைக்கும் போவப்போவுது தங்கச்சி, நம்ம பேரன் பேத்தி காலத்துக்கும் வேலை இருக்கு" என்று சொல்லிக்கொண்டே இருப்பார். நான் அவரை அண்ணே என்பேன். எனக்குக் கல்யாணம் செய்து வைத்ததும் அவர்தான்.

என் புருஷன் அந்தக் கூட்டத்தில் கடப்பாரை பிடித்தவர். தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து கப்பலேறி வந்த ஆள், அதிகம் பேசமாட்டார். அவர் ஊரில் அவர் வீடு ஊருக்குள். என் அப்பா பிறந்தது சேரியில். இது எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும், லயத்தில் எல்லாருக்கும் தெரியும். எல்லார் முதுகிலும் ஒரே சேறு அப்பியிருக்கிற இடத்தில் அதை யார் கிளறிக்கொண்டிருப்பது? மண்டோர் தாலியை எடுத்துக் கொடுத்தார், இவர் முனியாண்டி சாமி முன்னால் கட்டினார், கோழி அடித்துச் சாப்பிட்டோம். ஊருக்குக் கடுதாசி போட்டீர்களா என்று பிறகு ஒருநாள் கேட்டேன். "போட்டா என்னைத் தல முழுகிருவாங்க. உன்னைக் கூட்டிக்கிட்டுப் போனா உன்னை உசுரோட விடமாட்டாங்க புள்ள. நாம இங்கயே இருந்துக்குவோம்" என்றார். இங்கே என்றால் அந்த லயம், அந்தத் தண்டவாளம். எங்கள் கல்யாணம் செல்லுபடியாகிற இடம் உலகத்தில் அது ஒன்றுதான்.

மறுவருஷம், கல் ஏற்றிய டிராலி கரை சரிந்து அவர் காலின் மேல் விழுந்தது. மூவார் ஆஸ்பத்திரியில் முழங்காலுக்கு மேலே எடுத்துவிட்டார்கள். நான் ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து அழுதேன். கால் போனதற்கு அழுததைவிட, இனி இவரைக் கப்பலேற்றிவிடுவார்களே என்றுதான் அதிகம் அழுதேன். வேலைக்கு ஆகாத கூலியை யார் வைத்துக்கொண்டு சோறு போடுவார்கள்? ஊருக்கு அனுப்பிவிடுவார்கள். அந்த ஊரில் எனக்கு என்ன இருக்கிறது என்று மேலே சொன்னேன். ஆனால் அப்போதிருந்த ரயில் துரை நல்ல மனுஷன். மண்டோர் போய்க் கையைக் கட்டிக்கொண்டு நின்றதும் மனம் இரங்கினார். ரோடு தண்டவாளத்தைக் குறுக்கே வெட்டுகிற இடத்தில் ஒரு கேட்டும் ஒரு குடிசையும் இருந்தன. அங்கே இவரை வைத்தார். வண்டி வரும்போது ரோட்டுக்குக் குறுக்கே சங்கிலியை இழுத்துக் கட்டவேண்டும், பச்சைக் கொடி காட்டவேண்டும், வண்டி போனதும் அவிழ்த்துவிட வேண்டும். ஒரு காலும் ஒரு கம்பும் அதற்குப் போதும். அந்தக் குடிசையில்தான் என் மகள் பிறந்தாள். அங்கே நான் சந்தோஷமாக இருந்தேன்.

எங்கள் கெட்ட காலம் அதே ரோடு வழியாக வந்தது. அரசாங்கம் ரோட்டை அகலமாக்கி, கல் போட்டு உருட்டியது. பின்னாலேயே மோட்டார் பஸ் வந்தது. ரயிலுக்கு ஜனங்கள் ஸ்டேஷன் வரை நடக்கவேண்டும். பஸ் கையைக் காட்டினால் வாசலில் வந்து நின்றது, கோழிக்கூண்டைக் கூரை மேல் தூக்கிப் போட்டுக்கொண்டது. யாரைக் குறை சொல்வது? நான் கோழிக்காரியாக இருந்தால் நானும் பஸ்ஸில்தான் ஏறியிருப்பேன்.

அந்த பஸ் எங்கள் கேட்டைத் தாண்டித்தான் போகவேண்டும். வண்டி வரும் நேரத்துக்கு இவர் சங்கிலியைக் கட்டுவார், பஸ் நிற்கும். உள்ளே நெருக்கியடித்து உட்கார்ந்திருப்பவர்கள் ஜன்னல் வழியாக ரயிலைப் பார்ப்பார்கள். ரயிலில் ஒரு கிழவரும் இரண்டு மூட்டையும் போகும். பிறகு இவர் சங்கிலியை அவிழ்க்க, பஸ் புகையைக் கக்கிக்கொண்டு போய் அடுத்த வளைவுக்குள் ரயிலை முந்திவிடும். டிரைவர் கையை ஆட்டிவிட்டுப் போவான், இவரும் பதிலுக்குக் கையை ஆட்டுவார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

"எமனுக்குக் கதவத் தொறந்துவிட்டுட்டு, கும்புடு வேற போடுறீங்களா?" என்று கத்துவேன்.

"அவன் பொழப்பு அவனுக்கு, புள்ள" என்பார்.

பெட்டிகளில் ஒன்றைக் குறைத்தார்கள், பிறகு ஓட்டங்களைக் குறைத்தார்கள். எங்கள் கூட்டத்தில் யாராவது செத்தால் அந்த இடத்துக்கு வேறு ஆள் எடுக்கவில்லை. இதற்கு மேல் என்ன வரும் என்று குழந்தைக்குக்கூடத் தெரியும், ஆனால் நாங்கள் அதை வாய்விட்டுச் சொல்லவில்லை. கடைசியில் மூவார் ஸ்டேஷனிலிருந்த தமிழ்க் கிராணி, கணக்கு எழுதுகிற குமாஸ்தா ஒருவர், மண்டோரைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். ஜொகூர் பாருவிலிருந்து ஒரு பெரிய துரை வருகிறார், ரயிலில் ஒரு நடை போய்ப் பார்த்துவிட்டு வைப்பதா மூடுவதா என்று மேலே எழுதப்போகிறார், வண்டி காலியாக ஓடுகிறது என்று அவரிடம் ஏற்கெனவே சொல்லியிருக்கிறார்கள்.

மண்டோர் லயத்து வாசலில் எல்லாரையும் கூட்டினார். "காலியா ஓடுதுன்னுதானே சொல்றான்? நெறைச்சுக் காட்டுவோம். தொரை ஏறுற அன்னிக்கு ஒரு பெஞ்சி காலியா இருக்கக் கூடாது."

"எல்லாரும் சும்மா எப்படிண்ணே ஏறுறது? எங்க போறீங்கன்னு தொரை கேட்டா?" என்றார் ஒருவர்.

மண்டோர் மீசையைத் தடவிக்கொண்டு என் இடுப்பிலிருந்த குழந்தையைப் பார்த்தார். "தங்கச்சி மகளுக்குக் காதுகுத்து. மூவார்க் கோயில்ல. சீர்வரிசையோட போறோம். தாய்மாமன் மடி என் மடி. தமிழன் காதுகுத்துக்குக் கூட்டமாத்தான் போவான்னு எந்தத் தொரைக்கும் தெரியும்."

கூடப்பிறந்தவன் இல்லாத எனக்கு, என் பிள்ளையை யார் மடியில் உட்காரவைத்துக் காது குத்துவது என்ற கவலை அதுவரை இருந்தது. யாரிடமும் சொன்னதில்லை. மண்டோர் அப்படிச் சொன்னதும் அங்கேயே அழுதுவிட்டேன். எல்லாரும் அதைப் பார்த்துச் சிரித்தார்கள். குடிசைக்குத் திரும்பியதும் என் புருஷன், "இது நடக்குமா புள்ள?" என்று மட்டும் கேட்டார். நடக்கும் என்று அடித்துச் சொன்னேன். நடக்காவிட்டால் என்ன என்று நினைக்கக்கூட எனக்குப் பயமாக இருந்தது.

அன்றைக்கு லயத்தில் யாரும் அழுக்குத் துணி உடுத்தவில்லை. கல்யாணச் சேலை வைத்திருந்தவள் அதைக் கட்டினாள், இல்லாதவள் இரவல் வாங்கிக் கட்டினாள். தேங்காய், வாழைப்பழம், வெல்லம், வளையல், சின்னப் பட்டுப்பாவாடை என்று தட்டுத் தட்டாக எடுத்தோம். மண்டோரின் உறவுக்காரர்கள் பக்கத்துத் தோட்டத்திலிருந்து தப்பு மேளத்தோடு வந்து சேர்ந்தார்கள். கேட்டில் வேறொருவரை நிறுத்திவிட்டு என் புருஷனும் வந்தார். கால் போனபின் அவர் அந்த ரயிலில் உட்கார்ந்து போவது அதுதான் முதல் தடவை.

லயத்துக்குப் பக்கத்து ஸ்டேஷனில் வழக்கமாக வருகிறவர்களும் சிலர் நின்றார்கள். கோழியோடு இரண்டு மலாய்க்காரப் பெண்கள், மூட்டையோடு ஒரு தவுக்கே, வேறு ஒன்றிரண்டு பேர். அவர்கள் டிக்கெட் எடுக்கும் ஜன்னலுக்குப் போக, மண்டோர் ஓடிப்போய்க் குறுக்கே நின்றார். இன்றைக்கு எங்கள் வீட்டு விசேஷம், நீங்கள் எல்லாரும் எங்கள் விருந்தாளி, காசை எடுக்கக் கூடாது என்று மலாயில் சொன்னார். தோட்டத்து உறவுக்காரர் ஒருவர் மடியை அவிழ்த்ததைப் பார்த்துவிட்டு அவரையும் அதட்டினார். "நம்ம வண்டில எங்க வீட்டு ஆளு காசு குடுத்து ஏறுறதா? எம்மானம் போயிரும்" என்றார்.

இங்கே ஒன்றைச் சொல்லவேண்டும். ரயில் வேலைக்காரர்களான எங்களுக்குப் பாஸ் உண்டு. கூட்டத்துக்கே ஒரு பாஸ், அது மண்டோர் மடியில் இருக்கும். அதைக் காட்டினால் நாங்கள் எல்லாரும் ஏறலாம், கூட வரும் விருந்தாளியையும் யாரும் கேட்கமாட்டார்கள். நானறிய எங்களில் ஒருவரும் அந்த ரயிலுக்கு டிக்கெட் எடுத்ததே இல்லை. சொந்தக் கிணற்றில் தண்ணீர் மொள்ளக் காசு கொடுப்பவன் உண்டா? முன்பு புதிதாக வந்த ஒருவன் தெரியாமல் டிக்கெட் எடுத்துவிட்டான். அவனைப் பெரிய துரை என்று கேலி செய்தே அழவைத்துவிட்டார்கள்.

வண்டி வந்தது. முன் பெட்டியில் பெரிய துரையும் கிராணியும் இருந்தார்கள். நாங்கள் தப்பு அடித்துக்கொண்டு ஏறினோம். ஒரு பெஞ்சு மிச்சமில்லை, நின்றுகொண்டுகூட வந்தார்கள். வழியில் வண்டி நின்ற இடத்தில் துரை இறங்கி வந்து ஒவ்வொரு பெட்டியாக எட்டிப் பார்த்தார். என் மகளைப் பார்த்துச் சிரித்து விரலை நீட்டினார், அவள் விடாமல் பிடித்துக்கொண்டாள். எங்கள் பெண்கள் குலவையிட்டார்கள். மண்டோருக்கு வாயெல்லாம் பல். என் புருஷன் குழந்தையை ஜன்னலில் நிற்கவைத்து, எங்கள் கேட் வந்தபோது, "அதோ பாரு நம்ம வீடு, நம்ம வீடு" என்று காட்டினார். அவர் அவ்வளவு உரக்கப் பேசி நான் அன்றுதான் கேட்டேன். தப்பித்தோம் என்று நான் முழுசாக நம்பினேன்.

கிராணி பெஞ்சு பெஞ்சாக டிக்கெட் கேட்டு வந்தார். எல்லாரும் மண்டோரைக் கை காட்டினார்கள். மண்டோர் பாஸை எடுத்து உயர்த்திப் பிடித்தார்.

"இவங்க எல்லாருமா?" என்றார் கிராணி.

"எல்லாரும் நம்ம ஆளுங்கதான்."

"அந்தத் தவுக்கே? அந்த மலாய்க்காரம்மா?"

"விருந்தாளிங்க, கிராணியா. இன்னிக்கு ஒருத்தர் காசையும் நாம தொடல" என்றார் மண்டோர் பெருமையாக.

கிராணி முகம் எப்படிப் போனது என்பதை நான் பார்த்தேன், ஆனால் எனக்கு அதன் அர்த்தம் புரியவில்லை. அவர் முன் பெட்டிக்குத் திரும்பிப் போனார். மூவாரில் இறங்கினோம். துரை மோட்டாரில் ஏறிப் போய்விட்டார். அதன் பிறகுதான் கிராணி வந்தார்.

"ஏன்யா, ஒரு ஆளாவது டிக்கெட் எடுத்திருக்கக் கூடாதா?" என்றார். "தொரை கேட்டது எத்தன தலைன்னு இல்லய்யா, எத்தன டிக்கெட்டுன்னு. மத்த நாள்ல நாலு பேராவது காசு குடுத்து ஏறுவாங்க. இன்னிக்கு அதுவும் இல்ல. இத்தன பேரு ஏறியும் வருமானம் ஒண்ணுமில்லன்னு தொரை எங்கிட்டயே சிரிச்சிட்டுப் போறாரு."

"எடுத்திருந்தா?" என்றார் மண்டோர்.

"நெறைஞ்ச வண்டின்னு எழுதியிருப்போம்யா."

மண்டோர் அப்படியே பிளாட்பாரத்தில் உட்கார்ந்துவிட்டார். பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது. யாருக்கும் அவரைத் திட்ட மனம் வரவில்லை, ஏனென்றால் எங்களில் ஒருவருக்காவது அது தோன்றியிருந்தால்தானே? ஆனாலும் நான் திட்டினேன். மீசை வளர்ந்த அளவுக்கு மூளை வளரவில்லையே, என் குடியைக் கெடுத்துவிட்டீரே என்று அத்தனை பேர் முன்னால் கத்தினேன். அவர் தலையைத் தூக்கவில்லை. என் புருஷன் என் தோளைத் தொட்டு, "ஆசாரி கோயில்ல காத்துக்கிட்டிருப்பாரு, வா" என்றார்.

காது குத்தினோம். மண்டோர் மடியில்தான் உட்காரவைத்தோம். குழந்தை வீரிட்டு அழுதது, அதன் தலையைப் பிடித்துக்கொண்டு தாய்மாமனும் அழுதார். சுற்றி நின்றவர்கள் எல்லாரும் அழுதார்கள். கோயிலுக்கு வந்த வேறு யாரோ, என்ன சாவா என்று கேட்டுவிட்டுப் போனார்கள். சமைத்துக் கொண்டுபோன சோற்றை யாரும் தொடவில்லை, கோயில் வாசலில் இருந்த பிச்சைக்காரர்களுக்குப் போட்டோம்.

திரும்பி வரும்போது மண்டோர் எல்லாரையும் டிக்கெட் ஜன்னலில் வரிசையாக நிறுத்தினார். மொய் வந்த பணத்தில் எல்லாருக்கும் டிக்கெட் எடுத்தோம். ஜன்னலுக்குள் இருந்தவர் எங்களைப் பார்த்தார், பணத்தைப் பார்த்தார், டிக்கெட்டை எண்ணிக் கொடுத்தார். துரை போய் எவ்வளவோ நேரமாகிவிட்டது என்று எங்களுக்கும் தெரியும். தப்பைக் கவிழ்த்து வைத்துவிட்டு, ஆளுக்கொரு டிக்கெட்டைக் கையில் பிடித்துக்கொண்டு, உட்கார்ந்து வந்தோம். அதற்குப் பிறகும் சில நாள் எங்கள் ஆட்கள் வேலை முடிந்ததும் டிக்கெட் எடுத்து, எங்கேயும் போகவேண்டியதில்லாமல், போய்த் திரும்பினார்கள். பார்க்கச் சகிக்காமல் நான் கதவைச் சாத்திக்கொள்வேன்.

மூடச் சொல்லி உத்தரவு வந்தது. கடைசி வண்டிக்கு என் புருஷன் எப்போதும்போல் சங்கிலியைக் கட்டினார், கொடி காட்டினார், அவிழ்த்தார். பிறகு தண்டவாளத்தைப் பெயர்க்க எங்கள் கூட்டத்தையே விட்டார்கள். ஆயுசு முழுக்கச் சேற்றுக்குள் போகாமல் தூக்கிப் பிடித்ததை அவர்கள் கையாலேயே பிடுங்கிப் போடவேண்டும். பிடுங்கினார்கள், கூலி வருமே. அந்த வேலை முடிந்ததும் உடம்பு சரியாக இருந்தவர்களை ரோட்டு வேலைக்கு எடுத்துக்கொண்டார்கள். ஒற்றைக்காலனுக்கு வேலை இல்லை என்றார்கள். பட்ட காலிலே படும் என்று சும்மாவா சொன்னார்கள்.

நான் விடவில்லை. ரோட்டுத் துரை நடந்து வருகிற வழியில் போய் நின்றேன். மண்டோர் மலாயில் எடுத்துச் சொன்னார். "உக்காந்து கல்லு ஒடைக்கக் காலு எதுக்குங்க தொரை? கையப் பாருங்க" என்று என் புருஷனின் கையைப் பிடித்துத் தூக்கிக் காட்டினேன். துரை சிரித்துவிட்டு, சரி, உட்காரச் சொல் என்றார். அன்றிலிருந்து ரோட்டோரத்தில் ஒரு சாக்கை விரித்து அவர் கல் உடைத்தார், நான் கூடையில் அள்ளிக் கொட்டினேன். தண்டவாளத்துக்கு அடியில் கிடந்த அதே கல்லைத்தான் ரோட்டுக்குப் பொடியாக்கினோம். கேட்டுக் குடிசையை இடித்துவிட்டார்கள். ரோட்டு வேலைக்காரர்கள் லயத்தில் ஒரு அறை கிடைத்தது. பஸ் டிரைவர் கையை ஆட்டினால் இவர் சுத்தியலைத் தூக்கிக் காட்டுவார். எனக்கு அப்போது கோபம் வரவில்லை. மூன்று பேரும் சேர்ந்திருக்கிறோம், அதுவே போதும் என்றிருந்தது.

அதையும் காலம் விட்டுவைக்கவில்லை. ரப்பர் விலை விழுந்தது. காஹாங், கூலாய், எங்கே பார்த்தாலும் தோட்டங்களில் ஆளைக் கழித்தார்கள். ஜனங்கள் மூட்டையோடு ரோட்டில் நடந்து போவதைக் கல் உடைத்துக்கொண்டே பார்த்தோம். ரோட்டு வேலையிலும் பாதி ஆளை நிறுத்தினார்கள். முதலில் நிறுத்தியது யாரை என்று நான் சொல்லவேண்டுமா? வேலைக்கு ஆகாதவர்கள் எல்லாரும் மூவாரில் அரசாங்கக் கூலி ஆபீஸ் ஆட்கள் வரும் நாளில் வந்து பதியவேண்டும், லாரியில் சிங்கப்பூருக்குக் கொண்டுபோய் ஊருக்குக் கப்பலேற்றுவார்கள் என்று சொன்னார்கள். குடும்பம் உள்ளவன் குடும்பத்தோடு போகவேண்டும். விட்டுவிட்டுப் போனால் அதுகளுக்கு யார் சோறு போடுவது என்று அவர்களுக்குப் பயம்.

நான் யோசித்து யோசித்துப் பார்த்தேன். எனக்கு இன்னும் ரோட்டில் கூடை தூக்கும் வேலை இருந்தது, ஆனால் இவர் கூட இல்லாமல் அந்த வேலை எதற்கு? ஒரு முடிவுக்கு வந்து இவரிடம் சொன்னேன்.

"உங்க ஊருக்கே போவோம். உங்க ஊர்லயும் சேரி இருக்கும்ல?"

"இருக்கு" என்றார்.

"நானும் புள்ளையும் அங்க இருந்துக்குறோம். நீங்க ஊருக்குள்ள இருங்க. எங்களத் தெரிஞ்ச மாதிரி காட்டிக்க வேணாம். வயக்காட்டுப் பக்கம் வரும்போது போகும்போது கண்ணால பாத்துக்குவோம். அது போதும் எனக்கு."

அவர் பிள்ளையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார். "சரி புள்ள" என்றார். நான் மூட்டை கட்டினேன்.

கூலி ஆபீஸ் ஆட்கள் ஒரு கொட்டகையில் மேசை போட்டு உட்கார்ந்திருந்தார்கள். ஒரு வெள்ளைக்காரர், பக்கத்தில் கேள்வி கேட்க ஒரு தமிழர். எங்களுக்குப் பழக்கமில்லாத ஆள். வெளியே லாரி நின்றது. வழியனுப்ப மண்டோரும் வந்திருந்தார். அவர் மீசை அதற்குள் நரைத்துவிட்டது. வரிசை நீளமாக இருந்தது. "வெயிலா இருக்கு, புள்ளையக் கூட்டிக்கிட்டு அந்த மரத்தடியில உக்காரு. என் முறை வந்ததும் கூப்புடுறேன்" என்றார் இவர். நான் போய் உட்கார்ந்தேன். மகள் அவருடைய கம்பைப் பிடித்துக்கொண்டே வந்தவள், கம்பை விட்டுவிட்டு என்னோடு வந்தாள்.

அவர் மேசைக்கு முன்னால் போய்விட்டார், கூப்பிடவில்லை. மறந்துவிட்டார் என்று நினைத்து நான் மூட்டையை எடுத்துக்கொண்டு, பிள்ளையைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடினேன். பின்னால் மண்டோர் வந்தார். நான் கொட்டகைக்குள் நுழையும்போது அந்தத் தமிழர் பேரும் ஊரும் கேட்டு முடித்திருந்தார்.

"பொண்டாட்டி, புள்ள?"

"யாரும் இல்லீங்க" என்றார் என் புருஷன்.

எனக்கு எல்லாம் ஒரே அடியாகப் புரிந்தது. சரி என்று என்னிடம் சொன்னபோதே இதைத்தான் நினைத்திருக்கிறார். பொய் சொல்கிறார் ஐயா, நான்தான் பெண்டாட்டி, இதுதான் பிள்ளை என்று கத்த வாயைத் திறந்தேன். என் வாயில் விழாதவர் அந்தக் கரையில் யாரும் கிடையாது, துரை வழியை மறித்து நின்றவள் நான். ஒரு வார்த்தை சொன்னால் போதும், மூன்று பேரும் ஒரே கப்பல். கப்பல் போய் நின்றபின் அந்த ஊர். என் கையைப் பிடித்துக்கொண்டு நிற்கிற பெண்ணுக்கு அந்தச் சேரி.

நாங்கள் ஓடிவந்த சத்தம் கேட்டுத் தமிழர் நிமிர்ந்து பார்த்தார். "இந்தம்மா யாரு?"

என் புருஷன் திரும்பவில்லை. "தெரியலீங்க" என்றார்.

"எந்தங்கச்சிங்க, என்கூட வந்தது" என்றார் மண்டோர், என் பின்னாலிருந்து.

அப்போதுதான் என் மகள் அவரைப் பார்த்தாள். அப்பா என்று அவள் வாயெடுத்ததும் நான் அவளை இழுத்து, அந்த வாயைக் கையால் பொத்தினேன். அவள் திமிறினாள். அவர் கட்டைவிரலை மையில் தோய்த்து வைத்துவிட்டு, கம்பை ஊன்றிக்கொண்டு, எங்களைத் தாண்டி லாரிக்குப் போனார். யாரோ மேலேயிருந்து கைகொடுத்துத் தூக்கினார்கள். என் மகள் என் உள்ளங்கையைக் கடித்தாள். லாரி கண்ணுக்கு மறையும் வரைக்கும் நான் கையை எடுக்கவில்லை.